வீட்டுக்காரரும் நானே, குடித்தனக்காரரும் நானே

திண்டுக்கல்லில் எனக்குச் சொந்தமாக மாடி வீடு ஒன்று இருக்கிறது. மாடியிலும் கீழேயும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் குடியிருப்பது ரெட்டியார்சத்திரத்தில், இன்னொருவர் வீட்டில். வீட்டம்மாவுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறும்போது நான் வதைபடும் குடித்தனக்காரன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வஞ்சிக்கப்பட்ட வீட்டுக்காரன். இரண்டு ஊரிலும் நியாயம் என் பக்கம்தான்.

1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, 2017-இல் இயற்றிய புதுச் சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளும் பொறுப்புகளும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. உரிமைகள்வரை எனக்கு மனப்பாடம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று ரெட்டியார்சத்திரத்து வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன். "அதெல்லாம் டவுனுக்குப் போட்ட சட்டம் சார்" என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மாடியில் இருப்பவரும் அதே சட்டத்தைப் படித்திருந்தது என் போதாத காலம். "மூணு மாசம்தான சார், நீங்க பத்து மாசம் வாங்கியிருக்கீங்களே?" என்றார். வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது என்று அதே பிரிவில் ஒரு வாசல் இருப்பதை உடனே கண்டுபிடித்துச் சொன்னேன். ரெட்டியார்சத்திரத்தில் படிக்கும்போது அந்த வாசல் என் கண்ணில் படவே இல்லை.

சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு குடியிருப்பவர் பாடு. பூட்டுக்குப் பேர்போன ஊரில், அதுவும் சட்டம் வந்த அதே 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்க, பூட்டுச் செலவு என் தலையில் இல்லை என்பதில் எனக்கு அளவு கடந்த பெருமை. பைப் ஒழுகுகிறது என்று மாடியிலிருந்து போன் வந்தால் மட்டும் அது வாஷராகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்வேன். ரெட்டியார்சத்திரத்தில் வாஷர் தேய்ந்தால் அது பைப் கோளாறு.

திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சி ஆனபோது வாடகை ஏற்றக் காரணம் கிடைத்ததே என்று பூரித்தவன் நான். 2022-இல் சொத்து வரி ஏறியபோதுதான் மாநகரத்தின் மறுபக்கம் தெரிந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பில் கலெக்டரிடம் அரை மணி நேரம் புலம்பினேன். அவர் நிதானமாக, அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்றார். வாங்கிக்கொண்டேன். அரையாண்டுக்கு ஒருமுறை ஏறிய வரியை மாதாமாதம் ஏற்றி இரண்டு குடித்தனத்திலும் வசூலித்தேன். 5 சதவீதத்தைப் பற்றி அவர்களிடம் பேச்செடுக்கவில்லை.

மறு மாதமே என் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். காரணம் கேட்டேன். "திண்டுக்கல்ல வரி ஏறிப்போச்சுல்ல சார்." ஊராட்சி வீட்டுக்கும் மாநகராட்சி வரிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று உள்ளாட்சி நிர்வாகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஏற்றிய வாடகையை முதல் தேதியே கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டேன். இந்தச் சங்கதி மாடிக்காரர் காதுக்குப் போகாமல் வீட்டம்மா இன்றுவரை காப்பாற்றி வருகிறார். அதற்கு அவர் போடும் வரி தனி.

மாடி போர்ஷன் வருகிற மாதம் காலியாகிறது. காற்றோட்டம் உண்டு, மாநகராட்சித் தண்ணீர் உண்டு, பூட்டு உங்களுடையது. அட்வான்ஸ் பத்து மாதம். 2017-ஆம் வருடத்துச் சட்டத்தைப் படித்தவர்கள் தயவுசெய்து வேறு வீடு பார்த்துக்கொள்ளவும்.