கம்பளம் உரித்த படலம்

பிராம்ப்டன், கனடா

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் ஆசாரி வேலை நடக்கிறதாமே என்று அக்கா போனில் கேட்டாள். நடந்தது. ஆசாரி நான்தான். மாடிப்படிக்கு மரம் போட இங்கே ஆள் கேட்கிற கூலியில் செங்கோட்டையில் நம் தெரு முழுக்க நிலை, கதவு மாட்டிவிடலாம்.

படி முழுக்க கார்ப்பெட் இருந்தது. குளிருக்கு இதம், சத்தம் கேட்காது, குழந்தை விழுந்தாலும் அடிபடாது என்று வீடு விற்கிறவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். உரித்த பிறகுதான் அசல் காரணம் தெரிந்தது. அடியில் கிடந்தது தேக்குமில்லை, வேங்கையுமில்லை. மரச்சில்லைப் பசை போட்டு அழுத்தின பலகை. உங்கள் மர மில்லில் மூட்டை கட்டி அடுப்புக்கு அனுப்புகிற சமாச்சாரத்தின் மேல்தான் இத்தனை வருஷமாக மாடி ஏறியிருக்கிறோம்.

கார்ப்பெட்டை இழுத்தால் வந்துவிடும். அதைப் பிடித்து வைத்திருந்தவைதான் வராது. படியின் உள்மூலையில் ஆணி முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டி. மற்ற இடமெல்லாம் ஸ்டேப்ளர் பின். ஒவ்வொன்றாகக் குறடு போட்டுப் பிடுங்க வேண்டும். பாதி முறியும், முறிந்த மிச்சம் உள்ளங்காலுக்கென்றே காத்திருக்கும். எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்களின் நாயை நான் பார்த்ததே இல்லை, ஆனால் இப்போது அதன் நிறம் என்னவென்று சொல்லிவிடுவேன்.

புது மரம் ஓக். அதில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வகை. கடைக்காரர் சிவப்பு ஓக் துண்டு ஒன்றின் நுனியைத் தண்ணீரில் முக்கி, மறுநுனியில் வாய் வைத்து ஊதினார். குபுகுபுவென்று குமிழி! நாரோட்டத்தில் அவ்வளவு திறந்த துளை. வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்குமாம். அதனால்தான் விஸ்கிப் பீப்பாய்க்கு அதுவே ஆகிவருகிறது. விலையும் கூட. படியில் யாரும் விஸ்கி ஊற்றிவைக்கப் போவதில்லையென்று குமிழி விடுகிறதையே வாங்கினேன்.

பழைய படி மேலேயே ஒட்டுகிற பலகையும் கிடைக்கிறது. ஆனால் முக்கால் அங்குலம் ஏற்றினால் முதல் படி அவ்வளவு உயரும், மேலே கடைசியில் அவ்வளவு குறையும். ஒன்டாரியோ கட்டட விதிப்படி படியின் உயரம் 200 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரே வரிசையில் உயரமான படிக்கும் குட்டைப் படிக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. நம் குற்றாலத்து லாட்ஜ் படிகளை இந்த ஊர் அதிகாரி பார்த்தால் அங்கேயே மயங்கி விழுவார். ஆகவே பழைய பலகையைப் பெயர்த்துவிட்டு அதே கனத்தில் புதியதை வைத்தேன்.

அடுத்தது வார்னிஷ். காயும்வரை மிதிக்கக் கூடாது. படுக்கை மாடியில், அடுப்பு கீழே. அதற்கு இங்கே ஓர் உபாயம் உண்டு: ஒற்றைப்படைப் படிகளுக்கு முதலில் பூச்சு, அவை காய்ந்ததும் இரட்டைப்படைக்கு. மூன்று கோட், நடுநடுவே உப்புத்தாள். அதுவரை வீடே இரண்டிரண்டு படியாகத் தாவியது. மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாவியதை நான் படம் எடுக்கவில்லை. எனக்கு இந்த வீட்டில் சாப்பாடு வேண்டும்.

இப்போது படி கண்ணாடி போல மின்னுகிறது. சாக்ஸோடு இறங்கினால் நேரே வாசல்தான். அதற்கும் கடையில் மருந்து இருக்கிறது: படிக்குப் படி ஒட்டுகிற கார்ப்பெட் துண்டு. சிரிக்காதீர்கள், வாங்கிவிட்டோம்.

ஒரு யோசனை கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று வறண்டதும் மரம் சுருங்கி, மூன்றாம் படியும் ஏழாம் படியும் முனக ஆரம்பித்துவிட்டன. ஸ்க்ரூ முடுக்குவதா, ஆப்பு வைப்பதா? இதை எழுதும்போதே இவள் குறுக்கிடுகிறாள். ராத்திரி பிந்தி வருகிற பையன் அந்த இரண்டை மட்டும் தாண்டி ஏறுகிறானாம். மிச்சப் படிகளையும் முனக வைக்க வழியுண்டா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்