11 மாதக் குடித்தனம்

தில்லியில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஆண்டு என்பது 11 மாதம்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவென்றால் அலைச்சல், செலவு. ஆகவே வீட்டுக்கார அங்கிள்ஜி பன்னிரண்டாவது மாதம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தை வெட்டிவிடுவார். நாம் காலி செய்த மறுநாளே, அடித்த காலண்டர் ஆணி, மாட்டிய சாமி படம், குழந்தை சுவரில் வரைந்த யானை எல்லாம் வெள்ளையடிப்பில் மறைந்துவிடும். அடுத்துக் குடிவருபவருக்கு வீடு பழைய கோலத்தில் தயார். நம்மோடு வருவது நம் பீரோ மட்டும்.

நிரல்களைத் தனித்தனிக் கண்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளை எனக்கு விளக்க வந்தவர்கள் கப்பல், துறைமுகம், சரக்குப் பெட்டி என்று ஊரைச் சுற்றினார்கள். தில்லி முனிர்க்காவில் வீடு மாறியவனுக்குக் கடல் எதற்கு? நிரல் ஓடும் கண்டெய்னர் வாடகை வீடு. டேட்டாவை வைக்கும் வால்யூம் நம் பீரோ. முடிந்தது பாடம்.

இந்த வித்தை எனக்கு எதற்கு என்றால், மாமியாருக்காக. அவர் ஆண்டுக்கணக்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய சமையல் குறிப்புகளை என் மனைவியால் தேடி எடுக்க முடியவில்லை. நான் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியை டாக்கரில் போட்டுத் தருகிறேன் என்றேன். இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஷாய் பானன் என்பவர், லண்டனில் சமையற்கலை படிக்கப் போன மனைவிக்குச் சமையல் குறிப்புகளைத் தேடித்தரத்தான் முதலில் ஒரு தேடல் நிரலை எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து 2010இல் எலாஸ்டிக்சர்ச் ஆனது. அந்த அம்மையார் இன்னும் குறிப்புகளுக்காகக் காத்திருக்கிறார் என்று அதன் கையேட்டிலேயே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார்கள். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்போ எனக்கும் அதே கதிதான்னு சொல்லுங்க" என்றாள்.

அதிகாரபூர்வ மாதிரிக் கோப்பில் மூன்று நோடு இருந்ததால் நானும் மூன்று நோடு போட்டேன். வத்தக்குழம்புக்கு மூன்று சர்வர். ஒவ்வொன்றும் இருக்கிற நினைவகத்தில் பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. கடிவாளம் போடாவிட்டால் பாதி, பாதி, பாதி என்று ஒன்றரைக் கம்ப்யூட்டர் வேண்டும். நேரு பிளேஸில் கூடுதல் ராம் வாங்கி வந்தேன். மளிகைக் கணக்கில் அதை எழுத மனைவி சம்மதிக்கவில்லை.

தமிழுக்கு வருவோம். இந்தி, வங்காளம் இரண்டுக்கும் எலாஸ்டிக்சர்ச்சில் சொல்லைப் பகுத்துத் தேடும் ஏற்பாடு கூடவே வருகிறது. தமிழுக்கு நாமே செய்துகொள்ள வேண்டும். பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ என்ற பிளக்இன்னைச் சேர்த்தேன். கத்தரிக்காய், கத்திரிக்காய், கத்திரிக்கா மூன்றும் ஒன்றே என்று சொல்லும் இணைச்சொல் கோப்பு ஒன்றும் எழுதினேன். மாமியார் குழம்பை ஐந்து விதமாக எழுதுவார். ருசி மட்டும் மாறாது. இலக்கணம் பார்த்தால் பட்டினிதான்.

இங்கேதான் வாடகை வீட்டின் குணம் தெரியும். கண்டெய்னரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போய்த் திரும்பிய மாதிரி. டாக்கரில் 'கம்போஸ் டவுன்' என்று அடித்தால் அது வீட்டைக் காலி செய்வது. மறுபடி 'அப்' அடித்தால் இமேஜ் என்ற மூல அச்சிலிருந்து புது வீடு வரும். குறிப்புகளெல்லாம் வால்யூமில் பத்திரமாக இருக்கும். ஆனால் கண்டெய்னருக்குள் ஓசையில்லாமல் சேர்த்த பிளக்இன்னும் இணைச்சொல் கோப்பும் வெள்ளையடிப்பில் போயிருக்கும். இணைச்சொல் கோப்பு இல்லையென்றால் அதை நம்பி உருவாக்கிய இண்டெக்ஸ் திறக்காது. சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு குறிப்பும் தொலையவில்லை, ஒரு குறிப்பையும் படிக்க முடியவில்லை.

எல்லாரும் டேட்டாவுக்குத்தான் பூட்டுப் போடுகிறார்கள். அதைப் படிக்கும் முறையை யாரும் சீந்துவதில்லை. இந்த வியாதி தில்லிக்குப் புதிதும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக், தோப்ராவிலிருந்த அசோகர் தூணைத் தன் புது நகருக்குக் கொண்டுவந்தார். இலவம்பஞ்சு மெத்தையில் சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டு, அங்கே, இன்றைய கோட்லாவில், பத்திரமாக நிறுத்தினார்கள். இதைவிட நேர்த்தியான டேட்டா மாற்றத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எழுத்தைப் படிக்க ஆளில்லை. பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, 'பின்னாளில் ஃபிரோஸ் என்றொரு சுல்தான் வருவார், அவர் ஒருவரால்தான் இதை நகர்த்த முடியும்' என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொன்னார்களாம். அக்காலத்து வரலாற்றாசிரியர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் எழுதிவைத்த சங்கதி இது. கேட்பவருக்குப் பிடித்த விடையை முதலில் நிறுத்தும் தேடுபொறி அப்போதே இருந்திருக்கிறது! 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் முடிச்சை அவிழ்த்தபின்தான், சாலையோரம் ஆலமரம் நட்டதையும் கிணறு வெட்டியதையும் அசோகர் அதில் சொல்லியிருப்பது தெரிந்தது.

எனக்கு பிரின்செப் வரும்வரை பொறுமையில்லை. பிளக்இன்னை இரண்டே வரி டாக்கர்ஃபைலில் எழுதிச் சொந்த இமேஜ் கட்டிக்கொண்டேன். இணைச்சொல் கோப்பு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. மூன்று நோடுக்கும் அதை வெளியிலிருந்து மவுண்ட் செய்திருக்கிறேன். கோப்பை மட்டும்தான், கவனம். காலியான ஃபோல்டர் ஒன்றை கான்ஃபிக் ஃபோல்டரின் தலைமேல் மவுண்ட் செய்தால், இமேஜோடு வந்த செட்டிங் எல்லாம் அதன் பின்னால் மறைந்து, வீடே வீட்டுக்காரரைத் தெரியாது என்று சொல்லிவிடும். எலாஸ்டிக்சர்ச் தகவலைப் படமாகக் காட்டும் கிபானாவில் வரைந்த படங்களைப் பற்றிக் கவலையில்லை. அவை எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. கிபானாவின் ரகசியச் சாவியை மட்டும் நாமே எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுச்சாவி செய்துகொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு மே மாதம் வந்தது. தில்லி வெயிலில் கரண்ட் போயிற்று, கம்ப்யூட்டர் அணைந்தது. எழுந்ததும் மூன்று நோடும் ஒரே குரலில் மறுத்தன. 'விஎம் மேக்ஸ் மேப் கவுண்ட்' குறைந்தது 262144 வேண்டுமாம். அது கண்டெய்னரின் செட்டிங்கே இல்லை. அடியில் இருக்கும் லினக்ஸின் செட்டிங். கட்டளையாகக் கொடுத்தால் அடுத்த பூட் வரைக்கும்தான் ஆயுள். சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும். குடித்தனக்காரர் ஒழுங்காகத்தான் இருக்கிறார், மனைக்கு ஞாபகமறதி.

இன்னொன்று. 'டவுன்' கட்டளையின் வாலில் 'மைனஸ் வி' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் பீரோவும் போகும். யாரோ சொன்னார்கள் என்று அதை அடிக்கும் பிள்ளைகளை என் கம்ப்யூட்டர் பக்கமே விடுவதில்லை.

ஒருவழியாக எல்லாம் நிலைத்தபின் மனைவியை அழைத்துக் காட்டினேன். "கத்திரிக்காய்னு அடி" என்றேன். அடித்தாள். நொடியில் வந்தது. சின்னச் செய்தியில் சொல் இருந்தால் அதற்கு மதிப்பெண் கூடுதல் என்பது எலாஸ்டிக்சர்ச் விடைகளை வரிசைப்படுத்தும் பிஎம்25 கணக்கு, ஆகவே எண்ணெய்க் கத்தரிக்காய்ச் செய்முறை கீழே போய், முதலிடத்தில் மாமியாரின் ஒருவரிச் செய்தி நின்றது: "மாப்ள வாங்குன கத்திரிக்கா பூரா சொத்த."

ஒன்றுக்கு இரண்டு பிரதியாக, எத்தனை முறை டவுன் அடித்தாலும் அழியாமல் அது இருக்கிறது.