டாக்டர் எழுதிக் கொடுத்த சப்பாத்தி

பாவூர்சத்திரத்தில் ஒரு வீட்டில் ராத்திரி சப்பாத்தி என்றால், பக்கத்து வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “யாருக்கு சுகர்?” என்பதுதான். ஊருக்குள் பெரிய காய்கறி மார்க்கெட், பஸ் ஏறினால் குற்றாலம், அதைத் தாண்டினால் பிரானூர் பார்டர் பரோட்டா. இப்படி வாய்க்கு வக்கணையான சீமையில் கோதுமைக்கு மருந்துக்கடைச் சரக்கு என்ற மரியாதைதான்.

எங்கள் பெரியப்பாவுக்கும் டாக்டர் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா கைகாரி. மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். ஓரம் தடிக்காமல், நடு மெலியாமல் தேய்ப்பாள். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, கல்லில் கிடக்கிற சப்பாத்தி புஸ்ஸென்று எழும்பும். பெரியப்பா அதைப் பார்க்கிற பார்வை மட்டும் கஷாயத்தைப் பார்க்கிற பார்வை.

உலகத்தில் வேறெங்கும் சப்பாத்திக்கு இந்த அவமானம் கிடையாது. 1896-ல் இன்றைய கென்யாவின் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட ஆங்கிலேயர் பஞ்சாபிலிருந்து கூலிக்கு ஆள் கொண்டுபோனார்கள். 1901-ல் தண்டவாளம் விக்டோரியா ஏரிக்கரையைத் தொட்டது. வேலை முடிந்தது, சப்பாத்தி திரும்பவில்லை. கென்யாவில் எண்ணெய் தடவிச் சுருட்டி, மறுபடி தேய்த்துச் சுடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விருந்தே அதுதான். உகாண்டாவில் முட்டையும் முட்டைக்கோஸும் சேர்த்து ஆம்லெட் போட்டு, சப்பாத்திக்குள் சுருட்டி, ‘ரோலக்ஸ்’ என்று தெருவோரத்தில் விற்கிறார்கள். டிரினிடாடுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் உள்ளே பருப்பை வைத்துத் தேய்த்து, ஆட்டுக்கறியைப் பொதிந்து தின்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏல, அந்த ஊர்லல்லாம் டாக்டரே கிடையாதா?”

மறுநாளிலிருந்து பரோட்டா கடைச் சால்னா பார்சலில் வந்தது. சப்பாத்தியும் மளமளவென்று இறங்கியது. கோதுமையும் மாவுச்சத்துதான், தவிட்டோடு இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சர்க்கரையாகும், கணக்கு மீறினால் சோறும் அதுவும் ஒன்றுதான் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “வெறும் பலகாரத்துக்கு என்னல கணக்கு?” என்றுவிட்டார்.

அடுத்த டெஸ்டில் சுகர் ஏறியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, “ராத்திரி சப்பாத்திதானே சாப்பிடுறீங்க?”

“ஆமா சார், ஒருநாள்கூடத் தப்பல.”

“எத்தனை?”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். “சோத்துக்கு முன்னாலயா சார், பின்னாலயா?”