பிழையதிகாரம்: தெலுக் பங்லிமா காராங் வழக்கு

கிள்ளானிலிருந்து பந்திங் போகிறவர்கள் தெலுக் பங்லிமா காராங்கில் பசியாற இறங்குவார்கள். கடைப்பலகையை ஊன்றிப் படிப்பதில்லை. ஆய்வுலகுக்கு நேர்ந்த இப்பேரிழப்பை ஈடுசெய்யவே இக்கட்டுரை. ஆய்வுப்பொருள் ஆங்கிலப் பிழை. சான்றுகள்: ஒட்டுக்கடைப் பலகை, தாமான் அறிவிப்பு, எம்சி எடுத்தவர் தொழிற்பேட்டை சூப்பர்வைசருக்கு அனுப்பும் வாட்ஸ்அப்.

விகாரம் மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். ஆங்கிலமே அறியாத நன்னூலாசிரியர் பவணந்தியார் ஆங்கிலப் பிழைகளை முற்றாக வகுத்துவிட்டார் என்பது நம் முதல் கண்டுபிடிப்பு.

தோன்றல்: 'ஸ்டாஃப்', 'ஃபர்னிச்சர்' இரண்டும் தனியே நிற்க அஞ்சி, கடைசியில் ஓர் 'எஸ்'ஸைத் துணைக்கு அழைக்கும். சில பலகைகளில் அந்த எஸ்ஸின் தோளருகே ஒரு காற்புள்ளியும் அந்தரத்தில் தொங்கும்.

கெடுதல்: 'கவர்ன்மெண்ட்' நடுவிலுள்ள 'என்', புதன்கிழமைக்குள் ஒளிந்திருக்கும் 'டி' ஆகியவை வாய் திறப்பதில்லை, எழுதுபவர் வெளியேற்றிவிடுகிறார். இறந்தகாலம் காட்டும் 'இ-டி'யும் இவ்வாறே கெடும். நேற்றே முடித்த வேலை வாக்கியத்தில் இன்றும் முடிந்தபாடில்லை.

திரிதல்: இது நம் மண்ணின் கொடை. மலாயில் 'போலீஸ்' எஸ்ஸில் முடியும். 'டாக்சி'யின் எக்ஸ் 'கே-எஸ்' ஆகும். 'பஸ்'ஸின் 'யு' 'ஏ' ஆகும். மலாய்ப் பாடத்தில் இவற்றுக்கு முழு மதிப்பெண். அடுத்த மணியில் ஆங்கில நோட்டில் எழுதினால் சிவப்பு மை. ஊர்ப்பெயரும் தப்பவில்லை: 1972இன் எழுத்துச் சீர்திருத்தம் 'தெலோக்'கைத் 'தெலுக்' ஆக்கியது, இரண்டும் இன்றும் புழங்குகின்றன.

தடை: அகராதி எதற்கு இருக்கிறது?

விடை: பக்கத்துக் கேரித் தீவை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 'ஐலண்ட்' நடுவே ஓர் ஊமை 'எஸ்' வரும். பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. லத்தீன் 'இன்சுலா'வுக்கு உறவு என்று தவறாக நம்பிப் பிற்காலத்தார் செருகியது அது. படித்தவர் செய்த தோன்றல் அகராதியில் ஏறியது. ஒட்டுக்கடைக்காரர் செய்த தோன்றல் படமாகிக் கைப்பேசிகளில் சுற்றுகிறது.

முடிபு: விலைப்பலகையில் எழுத்துப் பிழை பொறுக்கத்தக்கது, எண் பிழை பொறுக்கத்தகாதது. வேலைக்கு விண்ணப்பிப்போர் மட்டும் அகராதியைப் புரட்டிவிட்டு எழுதுங்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவர் நன்னூல் படித்திருக்க மாட்டார்.