நம்பாவை நம்பியவர்

மாலை நான்கு மணி டீ மேசையிலேயே ஆடை கட்டிக் கிடந்தால், நம்மவருடைய ப்ரோகிராம் மக்கர் பண்ணுகிறது என்று பொருள். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் மாடிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கழுத்தில் ஹெட்போன், உதட்டில் ஒரே மந்திரம்: "என் மெஷின்ல ஓடுச்சே!"

"ப்ரோ, ஒரு நிமிஷம் வாங்களேன். சும்மா பைத்தான்ல விட்டா சமர்த்தா ஓடுது. நம்பா போட்டா சாமி வந்து ஆடுது."

நம்பா என்பது பைத்தான் ஃபங்ஷனை இயந்திர மொழிக்குக் கம்பைல் செய்து வேகமாக்கும் கருவி. ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி போட்டால் போதும். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நம்மவர்தான் நம்பிவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். 1 முதல் 21 வரையுள்ள எண்களைப் பெருக்கியிருந்தார். பைத்தானின் விடை 51090942171709440000. நம்பாவின் விடை -4249290049419214848.

"பெருக்கினதுக்குக் கடன் வருது பாருங்க! கம்பைலர்ல பக்."

பக் இல்லை, பாத்திரம் சிறிது. எண் வளர வளரப் பைத்தான் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளும். நம்பா வைத்திருப்பது 64 பிட் பாத்திரம். 9223372036854775807-க்கு மேல் கொள்ளாது. 20 வரை பெருக்கினால் அடங்கும். 21-ஐப் போட்டதும் பொங்கி வழிந்து மைனஸ் பக்கம் போய் நிற்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது.

சொன்னால் கேட்பாரா? நம்பாவை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தார். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தார். கடைசியில், வரிவரியாகப் பார்க்கலாமென்று கம்பைல் செய்வதையே அணைத்துவிட்டு ஓட்டினார். விடை சரியாக வந்தது! டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி பறந்த கதைதான். "சரியாயிடுச்சு ப்ரோ" என்று நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காட்சி தலைகீழ். பத்து எண்கள் வரிசையாக உள்ள நம்பை அரே (நம்பா வேறு, நம்பை வேறு; இது பைத்தானின் எண் நூலகம்). எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் கடைசி இடம் 9. இவர் கேட்டது 10. பைத்தான், வேலி தாண்டியவரை வாட்ச்மேன் பிடிப்பதுபோலக் கையைப் பிடித்து நிறுத்தியது. நம்பாவுக்கு வேகம்தான் முக்கியம். நாமாகக் கேட்டாலொழிய எல்லையைச் சோதிக்காது. பக்கத்து மெமரியில் கிடந்த ஏதோ ஒரு எண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டது.

"நம்பால ஓடுது ப்ரோ. பைத்தான்லதான் பக்!"

ஒரே இரவில் கட்சி மாறிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்தான் மாறினார். குற்றவாளி அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

எல்லையைச் சோதிக்கும் சுவிட்ச் நம்பாவிலேயே இருக்கிறது. பெரிய எண் வரும் ஃபங்ஷனைக் கம்பைல் செய்யாமலே விட்டுவிடலாம். ஒரே ப்ரோகிராம் இரண்டு விதமாக ஓடினால், சந்தேகத்தை நாம் எழுதிய வரியிலிருந்து தொடங்குங்கள். டீயாவது சூடாகக் கிடைக்கும்.