எர்த்தைப் பார்!

கே: பழைய கிட் கார்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நானும் உதிரிகளை வாங்கி நட்டு முடுக்கப்போகிறேன், அவ்வளவுதானே? (ஈஸ்ட்ஹாம்)

ப: தாராளமாக முடுக்குங்கள். 1957இல் லோட்டஸ் செவன் என்ற கிட் கார் வந்தபோது பிரிட்டனில் முழுக் காருக்கு வரி உண்டு. உதிரியாக வாங்கிக் கட்டினால் கிடையாது. ஆனால் எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பைக் கூடவே தரக்கூடாது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தது. கடைசி வரியிலிருந்து மேலே படித்தால் கார்! அப்படிப் படித்துக் கட்டிய தலைமுறை அது. காகிதத்தில் இல்லாததெல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது.

கே: பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. இரண்டு பக்கத்துக்கு விவரமாக எழுதி ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். "எர்த்தைப் பார்" என்று இரண்டே சொல்லில் அனுப்பிவிட்டார். அவமதிப்பாக இருக்கிறது.

ப: முழு வைத்தியமும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. சாதாரணக் காரில் தகர பாடியே எர்த். விளக்குக்குப் போன மின்சாரம் பாடி வழியாகத் திரும்பிவிடும். உங்கள் பாடி ஃபைபர் கிளாஸ். அதில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். சேசிஸில் அதை முடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தால், திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்புக்குள் புகுந்து போகும். இண்டிகேட்டர் மினுங்குவது அதனால்தான். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு உப்புத்தாள் எடுங்கள். அந்த வைத்தியம் இரண்டு சொல்லாகச் சுருங்க அவருக்கு எத்தனை இரவு பிடித்ததோ!

கே: எந்த எஞ்சின் நல்லது என்று கேட்டால் யாருமே பதில் சொல்வதில்லையே?

ப: எந்த சேசிஸ், எந்த கியர்பாக்ஸ், எவ்வளவு பணம் என்று நீங்கள் சொல்லவில்லையே.

கே: புத்தகம் இருக்கும்போது ஆள் எதற்கு?

ப: ரான் சாம்பியன் 1996இல் எழுதிய புத்தகம், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று பல வீட்டு ஷெட்டுகளைத் திறக்க வைத்தது. அருமையான புத்தகம். ஆனால் அதன் சேசிஸ் அளவுகளில் சில பிழைகள் இருந்தன. கண்டுபிடித்தது யார்? குழாயை அறுத்து, வைத்துப் பார்த்து, பொருந்தாமல் மறுபடி அறுத்தவர்கள். திருத்திய அளவுகளை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. அடுத்தவர் குழாய் வீணாகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

கே: அப்படியானால் மூத்தவர் சொன்னால் மறுபேச்சே கூடாதா?

ப: கூடாது என்று யார் சொன்னது? "நீங்கள் எந்த வருஷம் கட்டினீர்கள் ஐயா?" என்று முதலில் கேளுங்கள். 1998க்கு முன்னால் பிரிட்டனில் தனி வண்டிகளுக்கான ஒப்புதல் சோதனையே கிடையாது. இன்று கை படக்கூடிய வெளி விளிம்பு 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது வளைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். வெல்டிங்கில் அவர் குரு. சட்டத்துக்கு இன்றைய விதிப்புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதை எடுத்துக் காட்டிப் பேசினால் உண்மையான மூத்தவர் சந்தோஷப்படுவார். பிரேக், ஸ்டியரிங் விஷயத்தில் மட்டும் அவர் "வேண்டாம்" என்றால் அன்றைக்கு ஸ்பேனரைக் கீழே வையுங்கள். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கே: ஒரு மூத்தவர் மூன்று ஞாயிறு வந்து என் பிரேக்கில் ஏர் எடுத்துக் கொடுத்தார். பணம் நீட்டினால் வாங்க மறுக்கிறார். என்ன செய்ய? (லெஸ்டர்)

ப: மறுபடி நீட்டாதீர்கள். பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறதா, காற்று எந்த ஜாயின்டில் புகுந்தது என்று போய்ச் சொல்லுங்கள். உதவி வாங்கியவர்களில் பலர் வேலை முடிந்ததும் காணாமல் போகிறார்கள். என்ன ஆயிற்று என்றே தெரியாமல் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். அப்புறம், அவர் ஷெட்டிலும் பாதிக் கார் ஒன்று நிற்கும், பாருங்கள். சேசிஸ்மேல் பாடி ஏற்றுகிற நாளில் நாலு பேர் வேண்டும். காலையிலேயே போய் ஒரு மூலையைப் பிடியுங்கள்.