டப்பா காலியாக வர எளிய வழிகள்

பிள்ளை எல்.கே.ஜி. போகிறது, டிபன் பாக்ஸ் போன மாதிரியே திரும்பி வருகிறதா? கவலையை விடுங்கள். கீழே உள்ளதைத் தவறாமல் கடைப்பிடித்தால் இந்தப் பழக்கத்தைக் கல்லூரி வரை காப்பாற்றிவிடலாம்.

காலை ஆறரைக்குச் சுட்ட தோசையைச் சூட்டோடு மடித்து மூடுங்கள். பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது அது வேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிய்த்தால் இழுபடும். நீங்கள் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். பிஸ்கட் மட்டும் எப்படி உள்ளே போகிறது என்பீர்கள். பிஸ்கட் என்றைக்கும் ஒரே மாதிரி நொறுங்கும். சாம்பார் சாதத்தில் எந்த வாயில் தக்காளித் தோல், எந்த வாயில் கடுகு என்று யார் கண்டது? வாய்க்கூச்சமுள்ள பிள்ளைக்கு அது தினப்படி பயம். இதையெல்லாம் யோசித்தால் கண்டிப்பு என்னாவது? எல்லாம் திமிர் என்று முடித்துவிடுங்கள்.

புதுச் சாப்பாடு பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். இரண்டாவது தடவையே, "இவனுக்குக் கேரட்டே ஆகாது" என்று அவன் காதுபட அறிவித்துவிடுங்கள்.

ஆசிரியைகள் கவனிக்க: முடித்தவர் கையில் ஸ்டார், முடிக்காதவருக்கு விளையாட்டு கட். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 'குடித்து முடி' என்று வற்புறுத்தாத நாட்களில்தான் பிள்ளைகள் சூப்பை அதிகம் குடித்தார்களாம். அது சூப். நம்முடையது தயிர் சாதம். சத்துணவுக் கூடத்தில் முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். நாம் அப்படி இடம் கொடுத்துவிடக் கூடாது.

விழுங்கும்போது இருமுகிறது, புரையேறுகிறது, எடை ஏறவில்லை, சாப்பிடும் நாலைந்து பண்டங்களும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன என்றால் டாக்டர் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அனுப்பக்கூடும். மெல்லுவதும் விழுங்குவதும் அவர்கள் பார்க்கும் வேலைதான். நீங்களோ, "எங்க பிள்ளை நல்லாத்தான் பேசுது" என்று சொல்லி வந்துவிடுங்கள்.

பலன் நிச்சயம். சில வாரங்களில் டப்பா துடைத்த மாதிரி வரும், ஸ்டாரும் கிடைக்கும். பள்ளியில் கை கழுவும் தொட்டி அடிக்கடி ஏன் அடைத்துக்கொள்கிறது என்பது ஆயாம்மாவின் பாடு. குச்சியை விட்டுக் குத்தி, சோறும் கேரட்டுமாக அள்ளிப் போட்டுக்கொள்வார்.